தமிழ்நாட்டு உள்ளாட்சி அமைப்புகளின் நிதியும் அதிகாரமும்

தமிழ்நாட்டு உள்ளாட்சி அமைப்புகளின் நிதியும் அதிகாரமும் என்பது தமிழ்நாட்டில் உள்ள ஊராட்சிகள், ஊராட்சி ஒன்றியங்கள், மாவட்ட ஊராட்சிகள், பேரூராட்சிகள், நகராட்சிகள், மாநகராட்சிகள் ஆகியவை வருவாய் திரட்டும் முறை, மத்திய மாநில அரசுகளிடமிருந்து பெறும் நிதி, அந்நிதியைச் செலவிடுவதில் அவற்றுக்குள்ள உரிமை ஆகியவற்றைக் குறிக்கும். குடிநீர், தெருவிளக்கு, துப்புரவு, ஊர்ச்சாலை, மயானம் போன்ற அன்றாடத் தேவைகள் உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பில் உள்ளன. எனினும் அவற்றுக்கான பணத்தின் பெரும்பகுதி மேலிருந்து வருகிறது. வரி வீதத்தை மாற்றுதல், பணியாளரை அமர்த்துதல், திட்டங்களுக்கு ஒப்புதல் அளித்தல் போன்ற முடிவுகளில் மாநில அரசே மேலோங்கி நிற்கிறது. பொறுப்புக்கும் அதிகாரத்திற்கும் இடையிலான இந்த இடைவெளியே தமிழ்நாட்டு உள்ளாட்சி வரலாற்றில் திரும்பத் திரும்ப எழும் சிக்கலாகும்.

வரலாறு

சோழர் காலம்

காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தைச் சேர்ந்த கல்வெட்டுகள் (கி.பி. 919, 921 அளவில்) ஊர் நிருவாகத்தைப் பற்றிய விரிவான செய்திகளைத் தருகின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டுக் குடவோலை முறையில் வாரிய உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் முதலியன தனித்தனிப் பணிகளைக் கவனித்தன.

நிதி ஒழுங்கைப் பொறுத்தவரை இக்கல்வெட்டுகளில் கூறப்படும் ஒரு விதி குறிப்பிடத்தக்கது. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர்கள் ஆவர். இம்முறை பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம் ஒன்றில் இருந்த முறையாகும். வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் கட்டிய வீடும் வேதக் கல்வியும் தகுதிகளாக விதிக்கப்பட்டதால், ஊரில் வாழ்ந்த அனைவரும் இதில் பங்கு பெறவில்லை.

சென்னை மாநகராட்சியின் தோற்றம்

இந்தியாவின் மிகப் பழைய மாநகராட்சியான சென்னை மாநகராட்சி, இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சேம்சு 1687 டிசம்பர் 30 அன்று வழங்கிய பட்டயத்தின் வழியாக உருவாக்கப்பட்டு, 1688 செப்டம்பர் 29 அன்று செயற்படத் தொடங்கியது. நத்தானியேல் இக்கின்சன் அதன் முதல் மேயர் ஆவார்.

இம்மாநகராட்சியின் தோற்றத்திற்கு வரியும் ஒரு காரணமாகும். நகரின் துப்புரவுக்காகவும் பாதுகாப்புக்காகவும் கிழக்கிந்தியக் கம்பனி வரி விதிக்க முயன்றபோது மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். கம்பனி தன் அதிகாரத்தால் விதிக்கும் சிறிய வரியைவிட, மக்கள் தாமே விதித்துக்கொள்ளும் பெரிய வரியைக் கூட விருப்பத்துடன் செலுத்துவர் என்று கம்பனியின் தலைமையில் இருந்த சோசையா சைல்டு கருதினார். உள்ளாட்சிக்கும் வரிக்கும் உள்ள இத்தொடர்பு பிற்காலச் சீர்திருத்தங்கள் பலவற்றிலும் காணப்படுகிறது.

பிரித்தானிய ஆட்சிக் காலம்

1870ஆம் ஆண்டு மேயோ பிரபுவின் அரசு கல்வி, சாலை, மருத்துவம் போன்ற துறைகளின் நிதிப்பொறுப்பை மாகாணங்களிடம் ஒப்படைத்தது. இச்சுமையின் ஒரு பகுதியை உள்ளூர் வரிகளின் மூலம் ஈடு செய்வதற்காக 1871இல் சென்னை மாகாணத்தில் உள்ளூர் நிதிச் சட்டம் இயற்றப்பட்டது.

1882 மே 18 அன்று ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானம் இந்திய உள்ளாட்சியின் அடித்தளமாகக் கருதப்படுகிறது. அதிகாரிகள் அல்லாதோர் பெரும்பான்மையாக இருத்தல், இயன்ற இடங்களில் தலைவர் பதவியையும் அவர்களே வகித்தல், உள்ளூர்ச் செலவுக்கு ஏற்ற உள்ளூர் வருவாயை அளித்தல் ஆகியன அத்தீர்மானத்தின் முதன்மைக் கூறுகளாகும். நிருவாகத் திறனைக் காட்டிலும் மக்களுக்கு அரசியல் பயிற்சி கிடைப்பதே இதன் நோக்கம் என்று ரிப்பன் விளக்கினார். 1913இல் திறக்கப்பட்ட சென்னை மாநகராட்சிக் கட்டடம் அவர் பெயராலேயே ரிப்பன் மாளிகை என அழைக்கப்படுகிறது.

இத்தீர்மானத்தைத் தொடர்ந்து 1884இல் சென்னை உள்ளாட்சி வாரியங்கள் சட்டமும் மாவட்ட நகராட்சிகள் சட்டமும் இயற்றப்பட்டன. ஊரகப் பகுதிகளில் ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, ஊர் ஒன்றியம் என்ற மூன்றடுக்கு முறை ஏற்பட்டது. 1919, 1920ஆம் ஆண்டுகளில் மாநகராட்சி, மாவட்ட நகராட்சிகள், உள்ளாட்சி வாரியங்கள், கிராமப் பஞ்சாயத்துகள் ஆகியவற்றுக்குப் புதிய சட்டங்கள் இயற்றப்பட்டு, தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் எண்ணிக்கை உயர்த்தப்பட்டது. 1934இல் தாலுகா போர்டுகள் கலைக்கப்பட்டன.

பின்னாளில் பெரும் தலைவர்களாக விளங்கிய பலர் உள்ளாட்சியில் பணியாற்றியவர்கள் ஆவர். இராசகோபாலாச்சாரியார் சேலம் நகராட்சியின் தலைவராகவும், பெரியார் ஈ. வெ. இராமசாமி ஈரோடு நகராட்சியின் தலைவராகவும் இருந்துள்ளனர். நீதிக்கட்சியின் நிறுவனர்களுள் ஒருவரான பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராகப் பணியாற்றினார்.

தஞ்சாவூர் ஜில்லா போர்டு இருப்புப்பாதை

அக்கால ஜில்லா போர்டுகளின் நிதி அதிகாரத்திற்கு எடுத்துக்காட்டாகத் தஞ்சாவூர் ஜில்லா போர்டு இருப்புப்பாதையைக் கூறலாம். நிலத்தின் மீது தனி வரி விதித்துத் திரட்டிய பணத்தைக் கொண்டு, மாயவரத்திலிருந்து (தற்போதைய மயிலாடுதுறை) முத்துப்பேட்டைக்கு இப்போர்டு தொடருந்துப் பாதை அமைத்தது. 1894இல் திறக்கப்பட்ட இப்பாதை பின்னர் அறந்தாங்கி வரை நீட்டிக்கப்பட்டது. மக்களாட்சி முழுமை பெறாத அக்காலத்தில் ஓர் உள்ளாட்சி அமைப்பு வரி விதித்து, சேமித்து, தொடருந்துப் பாதைக்கே உரிமையாளராக இருந்தது. வாக்குரிமை அனைவருக்கும் கிடைத்துவிட்ட இன்றோ, எந்த மாவட்ட ஊராட்சிக்கும் சொல்லத்தக்க வரி விதிக்கும் உரிமை கிடையாது.

விடுதலைக்குப் பின்

இந்திய அரசியலமைப்பின் வரைவில் கிராமப் பஞ்சாயத்துகளுக்கு இடமில்லை. கிராமங்கள் சாதியக் கொடுமைகளின் இருப்பிடம் என்பது அம்பேத்கரின் கருத்தாக இருந்தது. காந்தியவாதிகளோ கிராமமே ஆட்சியின் அடிப்படை அலகாக இருத்தல் வேண்டும் என்றனர். 1948 நவம்பர் 22 அன்று தமிழகத்தைச் சேர்ந்த க. சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தின் வழியாக, பஞ்சாயத்துகளை அமைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்ற உறுப்பு (தற்போதைய 40ஆம் உறுப்பு) நெறிமுறைக் கோட்பாடுகளில் சேர்க்கப்பட்டது. நெறிமுறைக் கோட்பாடு என்பதால் அதனை நீதிமன்றத்தின் வாயிலாக நடைமுறைப்படுத்த இயலாது. இதே சந்தானத்தின் தலைமையில் 1963இல் பஞ்சாயத்து இராச்சிய நிதி குறித்து ஆராய ஒரு குழுவும் அமைக்கப்பட்டது.

1957இல் பல்வந்த்ராய் மேத்தா குழு அளித்த பரிந்துரைகளைத் தொடர்ந்து, காமராசர் ஆட்சிக் காலத்தில் சென்னைப் பஞ்சாயத்துகள் சட்டம், 1958 இயற்றப்பட்டது. ஜில்லா போர்டுகள் ஒழிக்கப்பட்டு ஊராட்சி ஒன்றியங்கள் உருவாக்கப்பட்டன. ஓர் ஊராட்சி திரட்டும் வீட்டு வரிக்கு இணையான தொகையை அரசு மானியமாக வழங்கும் முறை இக்காலத்தின் சிறப்பான ஏற்பாடாகும். வரி திரட்டும் ஊராட்சிக்கு இது ஊக்கமளித்தது.

தொடக்கக் கல்வியும் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பில் இருந்தது. 1981இல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆக்கப்பட்டனர். பல ஊர்களில் பள்ளிகள் இன்றும் "ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி" என்ற பெயரைக் கொண்டுள்ளன. ஆனால் ஆசிரியர் நியமனம், ஊதியம், இடமாற்றம் எதுவும் ஒன்றியத்தின் கையில் இல்லை.

தேர்தல் நடைபெறாத காலங்கள்

1970ஆம் ஆண்டுக்குப் பின் 1986இல்தான் ஊராட்சித் தேர்தல் நடைபெற்றது. அதற்கடுத்த தேர்தல் 1996இல் நடைபெற்றது. சென்னை மாநகராட்சி மன்றம் 1973இல் கலைக்கப்பட்ட பின் 1996 வரை, ஏறத்தாழ 23 ஆண்டுகள், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இன்றித் தனி அலுவலர்களால் ஆளப்பட்டது. இக்காலத்தில் உள்ளாட்சி நிதி தொடர்பான முடிவுகளை அதிகாரிகளே எடுத்தனர்.

73ஆம், 74ஆம் அரசியலமைப்புத் திருத்தங்கள்

ஊராட்சிகளுக்கு அரசியலமைப்புத் தகுதி அளிக்க 1989இல் கொண்டுவரப்பட்ட 64ஆம் திருத்த முன்வரைவு மாநிலங்களவையில் தோல்வியடைந்தது. பின்னர் 73ஆம் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்றும், நகர்ப்புறங்களுக்கான 74ஆம் திருத்தம் 1993 சூன் 1 அன்றும் நடைமுறைக்கு வந்தன. இவற்றின் முதன்மைக் கூறுகள் பின்வருமாறு:

* ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கட்டாயத் தேர்தல்
* தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு இட ஒதுக்கீடு
* தேர்தலை நடத்த மாநிலத் தேர்தல் ஆணையம்
* ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாநில நிதி ஆணையம்
* ஊராட்சிகளுக்குரிய 29 பொருள்களைக் கொண்ட 11ஆம் அட்டவணை
* நகர்ப்புற அமைப்புகளுக்குரிய 18 பொருள்களைக் கொண்ட 12ஆம் அட்டவணை

தேர்தலும் இட ஒதுக்கீடும் கட்டாயமாக்கப்பட்டன. ஆனால் அதிகாரங்களையும் வரி விதிக்கும் உரிமையையும் மாநிலச் சட்டமன்றம் "அளிக்கலாம்" என்றே 243ஜி, 243எச் ஆகிய உறுப்புகள் கூறுகின்றன. ஆகவே, எந்தெந்தப் பொருளை எந்த அளவுக்கு ஒப்படைப்பது என்பது மாநில அரசின் விருப்பத்திற்கு விடப்பட்டது. இத்திருத்தங்களுக்கு ஏற்ப இயற்றப்பட்ட தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 அவ்வாண்டு ஏப்ரல் 22 அன்று நடைமுறைக்கு வந்தது. 1998இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நீண்ட காலம் நிறுத்தி வைக்கப்பட்டு, 2023இல் விதிகளுடன் நடைமுறைக்கு வந்தது.

அமைப்பு

ஊரகப் பகுதிகளில் ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி என மூன்று அடுக்குகள் உள்ளன. 2019ஆம் ஆண்டு நிலவரப்படி மாநிலத்தில் 12,500க்கும் மேற்பட்ட ஊராட்சிகளும் 388 ஊராட்சி ஒன்றியங்களும் இருந்தன. 2022 பிப்ரவரியில் நகர்ப்புறத் தேர்தல் நடைபெற்றபோது 21 மாநகராட்சிகளும் 138 நகராட்சிகளும் ஏறத்தாழ 490 பேரூராட்சிகளும் இருந்தன. 2024இல் புதுக்கோட்டை, திருவண்ணாமலை, நாமக்கல், காரைக்குடி ஆகியன மாநகராட்சிகளாகத் தரம் உயர்த்தப்பட்டன.

வருவாய் ஆதாரங்கள்

சொந்த வருவாய்

ஊராட்சியின் முதன்மை வரி வீட்டு வரியாகும். இதனுடன் தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கட்டட வரைபட ஒப்புதல் கட்டணம், தொழில் உரிமக் கட்டணம் ஆகியன அடங்கும். வாரச் சந்தை ஏலம், கண்மாய்களின் மீன்பாசிக் குத்தகை, புளியமரக் குத்தகை போன்றவை சிறு அளவிலான வரி அல்லாத வருவாய்களாகும்.

நகர்ப்புறங்களில் சொத்து வரியே முதன்மையான வருவாயாகும். தொழில் வரி, குடிநீர் மற்றும் பாதாளச் சாக்கடைக் கட்டணங்கள், கடை வாடகை, பேருந்து நிலையக் கட்டணம் ஆகியன பிற ஆதாரங்களாகும்.

மூன்றடுக்கு முறையில் நடுவிலும் மேலும் உள்ள ஊராட்சி ஒன்றியங்களும் மாவட்ட ஊராட்சிகளும் பெரும்பாலும் பகிர்வு நிதியையும் மானியங்களையுமே சார்ந்துள்ளன.

ஒதுக்கப்பட்ட வருவாய்

மாநில அரசு திரட்டி உள்ளாட்சிகளுக்கு வழங்கும் வரிகள் ஒதுக்கப்பட்ட வருவாய் எனப்படும். சொத்துப் பரிமாற்றத்தின்போது முத்திரைத் தீர்வையுடன் திரட்டப்படும் மேல்வரி, நிலவரியின் மீதான தலவரியும் தலமேல்வரியும், கனிமங்களுக்கான உரிமத் தொகை ஆகியன இவற்றுள் அடங்கும். தலவரி நிலவரியை அடிப்படையாகக் கொண்டது. நிலவரியே மிகச் சிறிய தொகையாகிவிட்ட நிலையில் இவ்வருவாயும் சுருங்கிவிட்டது.

மாநில நிதி ஆணையப் பகிர்வு

தமிழ்நாடு மாநில நிதி ஆணையங்களை ஒழுங்காக அமைத்து வரும் மாநிலங்களுள் ஒன்றாகும். ஆணையங்களின் பரிந்துரைக் காலங்கள் வருமாறு:

* முதலாவது – 1997 முதல் 2002 வரை
* இரண்டாவது – 2002 முதல் 2007 வரை
* மூன்றாவது – 2007 முதல் 2012 வரை
* நான்காவது – 2012 முதல் 2017 வரை
* ஐந்தாவது – 2017 முதல் 2022 வரை
* ஆறாவது – 2022 முதல் 2027 வரை

மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் தொடக்கத்தில் 8 விழுக்காடு உள்ளாட்சிகளுக்குப் பகிரப்பட்டது. மூன்றாவது ஆணையத்தின் காலத்தில் இது 9 விழுக்காட்டிலிருந்து படிப்படியாக உயர்ந்து 10 விழுக்காட்டை எட்டியது. ஊரக, நகர்ப்புற அமைப்புகளுக்கு இடையே 58:42 என்றிருந்த பங்கு ஐந்தாவது ஆணையத்தின் காலத்தில் 56:44 என மாற்றப்பட்டது. சிறிய ஊராட்சிகளும் அடிப்படைச் செலவைச் சமாளிக்கும் வகையில், ஒவ்வோர் ஊராட்சிக்கும் ஒரு குறைந்தபட்சத் தொகை வழங்கும் ஏற்பாடும் இதில் உண்டு.

இப்பகிர்வு முழுவதும் ஊராட்சியின் விருப்பப்படி செலவிடத்தக்கது அன்று. மின் கட்டணத்திற்கும் கூட்டுக் குடிநீர்த் திட்டக் கட்டணத்திற்கும் தனிக் கணக்கில் தொகை ஒதுக்கப்படுகிறது.

மத்திய நிதி ஆணைய மானியங்கள்

73ஆம், 74ஆம் திருத்தங்களுக்குப் பின்னர் மத்திய நிதி ஆணையங்களும் உள்ளாட்சிகளுக்கு மானியம் பரிந்துரைக்கின்றன. இந்தியா முழுமைக்குமான தொகைகள் பின்வருமாறு:

* 11ஆவது ஆணையம் (2000–2005): 10,000 கோடி ரூபாய்
* 12ஆவது ஆணையம் (2005–2010): 25,000 கோடி ரூபாய்
* 13ஆவது ஆணையம் (2010–2015): ஏறத்தாழ 87,500 கோடி ரூபாய்
* 14ஆவது ஆணையம் (2015–2020): 2,87,436 கோடி ரூபாய்
* 15ஆவது ஆணையம் (2021–2026): 4,36,361 கோடி ரூபாய்

தொகை உயர்ந்தபோது நிபந்தனைகளும் கூடின. 14ஆவது ஆணையம் ஊரகப் பகுதிகளில் கிராம ஊராட்சிகளுக்கு மட்டுமே நிதி வழங்கியது. 15ஆவது ஆணையம் மூன்று அடுக்குகளுக்கும் வழங்கியது. ஆனால் ஊரக மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீர், மழைநீர் சேமிப்பு, துப்புரவு ஆகியவற்றுக்கே செலவிட வேண்டும் என வரையறுத்தது. தணிக்கை செய்யப்பட்ட கணக்குகளை இணையத்தில் வெளியிடுதல், நகர்ப்புறங்களில் சொத்து வரியின் அடிமட்ட வீதத்தை அறிவித்தல் ஆகியனவும் நிபந்தனைகளாக இருந்தன.

கடனும் பத்திரங்களும்

நகர்ப்புற உள்ளாட்சிகள் கடன் திரட்டும் முறையில் தமிழ்நாடு இந்திய அளவில் முன்னோடியாக விளங்கியது. 1996இல் தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் தொடங்கப்பட்டது. மதுரை மாநகராட்சி உள்வட்டச் சாலைக்காக 2001இல் 30 கோடி ரூபாய்க்குப் பத்திரங்களை வெளியிட்டது. தனித்தனியே சந்தையில் கடன் பெற இயலாத சிறிய நகர்ப்புற அமைப்புகள் ஒன்றிணைந்து, குடிநீர், துப்புரவுத் திட்டங்களுக்காக ஏறத்தாழ 30 கோடி ரூபாய் மதிப்புள்ள கூட்டுப் பத்திரங்களின் வழியாக நிதி பெற்றன. 2025இல் பெருநகர சென்னை மாநகராட்சி 200 கோடி ரூபாய்க்குப் பத்திரங்களை வெளியிட்டது.

அதிகாரம்

உள்ளாட்சியின் வலிமையை அளவிட மூன்று கூறுகள் வழக்கமாகக் கருதப்படுகின்றன. அவை பணிகள், நிதி, பணியாளர் என்பனவாகும். மூன்றும் ஒருசேர ஒப்படைக்கப்பட்டால்தான் அதிகாரப் பரவல் முழுமை பெறும்.

தமிழ்நாட்டில் மாவட்ட ஆட்சியர் ஊராட்சிகளின் ஆய்வாளர் ஆவார். ஊராட்சித் தலைவரைப் பதவியிலிருந்து நீக்கும் நடைமுறையை மேற்கொள்ள 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் 205ஆம் பிரிவு ஆய்வாளருக்கு அதிகாரம் அளிக்கிறது. ஊராட்சியின் காசோலைகளில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையொப்பம் இடுவது நடைமுறையாகும். ஒன்றியத்தில் நிருவாகப் பொறுப்பை வட்டார வளர்ச்சி அலுவலரும், நகரங்களில் ஆணையரும் வகிக்கின்றனர். இவர்கள் மாநில அரசால் நியமிக்கப்படுபவர்கள்.

பல பணிகள் மாநில அரசின் வாரியங்களிடம் உள்ளன. குடிநீர்த் திட்டங்களை 1971இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியமும், சென்னையின் குடிநீரையும் கழிவுநீரையும் 1978இல் தொடங்கப்பட்ட தனி வாரியமும் கவனிக்கின்றன. நகரத் திட்டமிடலைச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் செய்கிறது. ஆகவே, குழாயில் நீர் வராதபோது மக்கள் கேள்வி கேட்பது வார்டு உறுப்பினரிடமாகவும், அதற்கான முடிவை எடுப்பது வேறு அமைப்பாகவும் உள்ளது.

தற்காலச் சிக்கல்கள்

வரி வீதத்தை முடிவு செய்யும் உரிமை

சொத்து வரியை விதிப்பதும் திரட்டுவதும் சட்டப்படி உள்ளாட்சியின் பணியாகும். நடைமுறையில் அதன் உயர்வும் குறைப்பும் மாநில அரசின் முடிவாகவே இருந்து வருகின்றன. சென்னையில் 1998க்குப் பின் 20 ஆண்டுகள் பொதுச் சீராய்வு நடைபெறவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் இல்லாத 2018இல் வரி உயர்த்தப்பட்டது. 2019 நவம்பரில் மாநில அரசு அவ்வுயர்வை நிறுத்தி வைத்தது. 2022 ஏப்ரலில், கட்டடத்தின் பரப்பையும் பயன்பாட்டையும் பொறுத்து 25 முதல் 150 விழுக்காடு வரை மீண்டும் உயர்வு அறிவிக்கப்பட்டது. 15ஆவது நிதி ஆணையத்தின் நிபந்தனையும் இதற்குக் காரணமாகக் கூறப்பட்டது.

நெடுங்காலம் மாற்றாமல் இருந்துவிட்டு ஒரே முறையில் உயர்த்துவதால் மக்களின் எதிர்ப்பு மிகுகிறது. ஆண்டுதோறும் சிறு அளவில் உயர்த்தும் முறை இதற்கு மாற்றாக முன்வைக்கப்பட்டது.

சரக்கு மற்றும் சேவை வரியின் தாக்கம்

2017 சூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தது. இதற்கான 101ஆம் அரசியலமைப்புத் திருத்தம் மாநிலப் பட்டியலிலிருந்து விளம்பர வரிக்கான பதிவை நீக்கியது. இதனால் உள்ளாட்சிகள் விளம்பர வரி விதிப்பதற்கான அடிப்படை இல்லாமல் போயிற்று. கேளிக்கை வரியை உள்ளாட்சிகள் மட்டும் விதிக்கலாம் என்ற விலக்கு அளிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டு, 30 விழுக்காடு வரி அறிவிக்கப்பட்டபோது திரையரங்குகள் 2017 சூலை முதல் வாரத்தில் மூடப்பட்டன. பின்னர் வரி வீதம் குறைக்கப்பட்டது. உள்ளாட்சிக்குரிய இவ்வரி குறித்த பேச்சுவார்த்தை திரைத்துறையினருக்கும் மாநில அரசுக்கும் இடையில் நடைபெற்றது குறிப்பிடத்தக்கது.

மானியங்களைச் சார்ந்திருத்தல்

இந்திய ரிசர்வ் வங்கி 2024 சனவரியில் வெளியிட்ட ஊராட்சி நிதி பற்றிய அறிக்கையின்படி, இந்திய ஊராட்சிகளின் வருவாயில் ஏறத்தாழ 95 விழுக்காடு மானியங்களாகும். சொந்த வரிகளின் பங்கு ஏறத்தாழ 1 விழுக்காடு மட்டுமே. நகராட்சிகளின் நிதி பற்றி 2022இல் அதே வங்கி வெளியிட்ட அறிக்கை, அவற்றின் வருவாயும் செலவும் பத்தாண்டுகளுக்கும் மேலாக மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 1 விழுக்காடாகவே தேங்கியிருப்பதாகக் கூறியது. பிரேசிலில் இது ஏறத்தாழ 7 விழுக்காடாகும்.

மானியம் குறித்த நேரத்தில் வராவிட்டால் மின் கட்டண நிலுவை, துப்புரவுப் பணியாளர் ஊதிய நிலுவை போன்றவை ஏற்படுகின்றன. மேலும், வரி செலுத்துபவர் கணக்குக் கேட்பது போல மானியத்திற்கு ஊர் மக்கள் கணக்குக் கேட்பதில்லை என்ற கருத்தும் உண்டு.

தேர்தல் தாமதமும் நிதி இழப்பும்

2016 அக்டோபரில் நடைபெற இருந்த தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் இரத்துச் செய்தது. அம்மாதமே உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் அமர்த்தப்பட்டனர். 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளில் 2019 டிசம்பரிலும், எஞ்சிய 9 மாவட்டங்களில் 2021 அக்டோபரிலும், நகர்ப்புறங்களில் 2022 பிப்ரவரியிலும் தேர்தல் நடைபெற்றது. தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்புகள் இல்லாததைக் காட்டி, இடைப்பட்ட காலத்தில் மத்திய அரசு நிதி ஆணைய மானியத் தவணைகளை நிறுத்தி வைத்தது. தேர்தல் நடைபெறாமை பிரதிநிதித்துவச் சிக்கல் மட்டுமன்று, நிதிச் சிக்கலும் ஆகும் என்பதை இது உணர்த்தியது. 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக அமைப்புகளின் பதவிக்காலம் 2025 சனவரி 5 அன்று முடிவடைந்தபோது மீண்டும் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர்.

சாதியும் அதிகாரமும்

தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில், சட்டம் அளித்த அதிகாரத்தைச் செலுத்துவதற்கே எதிர்ப்பு எழுந்த நிகழ்வுகள் உண்டு. மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் மேலும் ஐந்து பேரும் 1997 சூன் 30 அன்று கொலை செய்யப்பட்டனர். மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் 1996 முதல் முறையான தேர்தல் நடத்த இயலாத நிலை நீடித்து, 2006இல்தான் தேர்தல் முழுமை பெற்றது. கூட்டுக் கையொப்ப முறையில், துணைத் தலைவர் காசோலையில் கையெழுத்திட மறுத்து, தலைவரைச் செயற்பட விடாமல் தடுக்கும் வாய்ப்பும் உள்ளது.

கிராம சபையும் கணக்கும்

ஊராட்சியின் வரவு செலவுக் கணக்குகள் கிராம சபையில் வைக்கப்பட வேண்டும். சனவரி 26, மே 1, ஆகத்து 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் நடைபெற்று வந்த கிராம சபைக் கூட்டங்களுடன் உலக தண்ணீர் நாளான மார்ச்சு 22, உள்ளாட்சி நாளான நவம்பர் 1 ஆகியனவும் பின்னர் சேர்க்கப்பட்டன. வாக்காளர் எவரும் இக்கூட்டத்தில் கலந்துகொண்டு கணக்கைப் பற்றிக் கேள்வி எழுப்பலாம். நகர்ப்புறங்களில் இதற்கு இணையாகப் பகுதி சபைகள் அமைக்க 2022இல் விதிகள் வகுக்கப்பட்டன.

கேரளத்துடன் ஒப்பீடு

அண்டை மாநிலமான கேரளம் 1996இல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியபோது, மாநிலத் திட்ட ஒதுக்கீட்டில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கு அளித்தது. பள்ளி, மருத்துவமனை, வேளாண்மை அலுவலகம் போன்றவற்றையும் பணியாளர்களுடன் உள்ளாட்சிகளின் கீழ்க் கொண்டுவந்தது. ஊரில் எதற்குச் செலவிடுவது என்பதை ஊர்க் கூட்டங்களில் முடிவு செய்யும் முறையும் ஏற்பட்டது. கேரளத்தின் ஊராட்சிகள் மக்கள்தொகையிலும் பரப்பிலும் பெரியவை என்பதால், சிறிய ஊராட்சிகளை மிகுதியாகக் கொண்ட தமிழ்நாட்டுடன் நேரடியாக ஒப்பிடுவதில் வரம்புகள் உள்ளன.

சீர்திருத்தக் கருத்துகள்

உள்ளாட்சி நிதியை வலுப்படுத்தப் பல்வேறு தரப்பினர் முன்வைக்கும் கருத்துகளுள் சில:

* 29 பொருள்களிலும் ஒவ்வோர் அடுக்கும் செய்ய வேண்டிய பணியைத் தெளிவாக வரையறுத்தல்
* வரி வீதத்தை ஒரு வரம்புக்குள் முடிவு செய்யும் உரிமையை மன்றங்களுக்கே அளித்தல்
* நன்கு வரி திரட்டும் ஊராட்சிகளுக்கு இணை மானியம் வழங்குதல்
* பகிர்வு நிதியில் நிபந்தனையற்ற பங்கை உயர்த்துதல்
* பதவிக்காலம் முடியுமுன் தேர்தல் நடத்துவதை உறுதி செய்தல்
* ஊராட்சிகளுக்குப் போதிய கணக்கு, பொறியியல் பணியாளர்களை அளித்தல்

அதிகாரப் பரவலுக்கு எதிராகவும் காரணங்கள் கூறப்படுகின்றன. ஊழல் கீழ்மட்டத்திற்குப் பரவும், உள்ளூர் ஆதிக்கச் சாதியினரின் பிடி இறுகும், சிறிய அமைப்புகளுக்குத் தொழில்நுட்பத் திறன் இல்லை என்பன அவற்றுள் முதன்மையானவை. கணக்குக் காட்டும் கட்டாயமும் இட ஒதுக்கீடும் ஒழுங்கான தேர்தலுமே இவற்றுக்கு மாற்று என்பது அதிகாரப் பரவலை ஆதரிப்போரின் விடையாகும்.

இவற்றையும் பார்க்க

* பஞ்சாயத்து இராச்சியம்
* குடவோலை முறை
* பெருநகர சென்னை மாநகராட்சி
* கிராம சபை
* இந்திய நிதி ஆணையம்
* தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம்